இறங்க வேண்டிய கோடு ஏறியது

கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஆந்த்ரே லாக்ரவா என்ற நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் ஒரு பெண்மணி சிகிச்சைக்கு வந்தார். அவருக்கு இருந்தது குஷிங் நோய்க்குறி. அட்ரினல் சுரப்பிகள் அளவுக்கு மீறிக் கார்டிசாலைக் கொட்டுவதால் வருவது அது. முகம் உப்பி வட்டமாகும், கைகால் மெலிந்து வயிறு பெருக்கும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். மருத்துவ உலகுக்கு நோய் புதிதில்லை, அது வந்து போன நேரம்தான் விசித்திரமாக இருந்தது. அவர் கருவுற்றிருந்த காலங்களில் இந்த அறிகுறிகள் தலைகாட்டி, பிரசவத்துக்குப் பின் தாமாகவே மறைந்திருக்கின்றன. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் மறுபடி வந்தவை மட்டும் மறையவே இல்லை.

கர்ப்பத்துக்கும் மாதவிடாய் நிறுத்தத்துக்கும் பொதுவாக என்ன இருக்க முடியும்? ஈஸ்ட்ரோஜனை வைத்துப் பார்த்தால் இரண்டும் நேரெதிர் துருவங்கள். ஒன்றில் அது உச்சத்தில் இருக்கும், மற்றதில் அடிமட்டத்தில். விடை வேறொரு ஹார்மோனில் இருந்தது. கர்ப்பத்தை உறுதிசெய்யச் சிறுநீரில் தேடுகிறோமே, அந்த எச்.சி.ஜி.யும், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச். என்ற ஹார்மோனும் நெருங்கிய உறவுக்காரர்கள். செல்களின் மேற்பரப்பில் இரண்டையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பி ஒன்றேதான். கர்ப்பத்தில் எச்.சி.ஜி. பெருகுகிறது. மாதவிடாய் நின்றபின், பதில் தராத சினைப்பையைத் தட்டித் தட்டி எல்.எச். பல மடங்கு ஏறிவிடுகிறது. இந்தப் பெண்மணியின் அட்ரினல் சுரப்பிகளில் அந்த ஏற்பி மிகுதியாக வேலை செய்துகொண்டிருந்தது. பிட்யூட்டரியின் எல்.எச். சுரப்பை அடக்கும் லியூப்ரோலைடு ஊசி போட்டதும் கார்டிசால் இறங்கியது. இரண்டு அட்ரினல்களையும் வெட்டி எடுக்கும் அறுவையிலிருந்து அவர் தப்பினார். 1999இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இந்த விவரம் வெளியானது.

அபூர்வமான நோயாளிதான். ஆனால் அபூர்வங்கள் சில சமயம் எல்லோரிடமும் சன்னமாக நடப்பதை உரக்கச் சொல்லிவிடும். சினைப்பை ஓய்கிறது என்ற சேதி, நோயே இல்லாத ஒரு சாதாரணப் பெண்ணின் அட்ரினலுக்கும் எட்டுகிறதா? எட்டுகிறது என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் அதற்கான சான்று சேர்ந்த விதம் கொஞ்சம் சுற்றுவழி.

முதலில் அட்ரினலைப் பற்றி. சிறுநீரகங்களின் தலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சுரப்பிகள் ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடைதான் இருக்கும். அவை பழுதுபட்டால் உயிர் தங்காது என்பதை லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855இல் எழுதினார். பயந்தால் நெஞ்சு படபடக்க வைக்கும் அட்ரினலின் இவற்றின் நடுப்பகுதியில் உருவாவது. பெயர் பெற்றது அதுதான், நம் கதையில் அதற்கு வேலையில்லை. நமக்கு வேண்டியது புறணி. அதில் மூன்று அடுக்குகள். வெளியடுக்கு உப்பையும் நீரையும் கவனிக்கும் ஆல்டோஸ்டிரோனைத் தருகிறது, நடு அடுக்கு கார்டிசாலை. உள்ளடுக்கு தருவதன் பெயர் டி.எச்.இ.ஏ. அது பெரும்பாலும் ஒரு சல்பேட்டைச் சுமந்துகொண்டு டி.எச்.இ.ஏ.எஸ். என்ற வடிவில் ரத்தத்தில் சுற்றுகிறது.

நம் ரத்தத்தில் மிக அதிக அளவில் ஓடும் ஸ்டீராய்டு ஹார்மோன் இதுதான் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். டி.எச்.இ.ஏ.வை 1934இல் ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டனான்ட் சிறுநீரிலிருந்து பிரித்தார். அதன் சல்பேட் வடிவத்தை அட்ரினல் சுரக்கிறது என்று 1960இல் காட்டியவர் பிரான்சின் எத்தியன்-எமில் போலியு. கருக்கலைப்பு மாத்திரையான ஆர்.யூ.-486ஐப் பின்னாளில் உருவாக்கிப் புகழும் வசவும் வாங்கிய அதே போலியுதான். இவ்வளவு தாராளமாகச் சுரக்கும் பொருளுக்கு இதுதான் வேலை என்று ஒரே வரியில் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை. அதற்கென்று தனியாக ஒரு ஏற்பி அகப்படவில்லை. அது ஒரு மூலப்பொருள்.

அதன் வாழ்க்கை வரைபடம் வேறெந்த ஹார்மோனுடையதையும் போல இருக்காது. கருவில் இருக்கும் குழந்தையின் அட்ரினல், உடல் அளவோடு ஒப்பிட்டால் ராட்சச உருவம். அது தரும் டி.எச்.இ.ஏ.எஸ்.ஸை வாங்கித்தான் நச்சுக்கொடி எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜனைச் செய்கிறது. பிறந்த சில மாதங்களில் அந்தப் பகுதி சுருங்கி மறைகிறது. ஆறு முதல் எட்டு வயதுக்குள் உள்ளடுக்கு புதிதாக வளர்ந்து சுரப்பு மீண்டும் தொடங்குகிறது. பூப்புக்கு இன்னும் வருடங்கள் இருக்கையிலேயே பிள்ளையின் வியர்வையில் பெரியவர் வாடை வருவதைக் கவனித்த தாய்மார்கள் உண்டு. அதன் காரணம் இதுதான். இருபதுகளில் அளவு உச்சம் தொடுகிறது. பிறகு ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு வீதம் இறங்குகிறது. எழுபது, எண்பது வயதில் உச்ச அளவில் 10 முதல் 20 விழுக்காடே மிஞ்சும்.

பாடநூல்களில் இந்த இறக்கம் ஒரு சாய்கோடு. ஐம்பது வயதை அது சும்மா கடந்துபோகும். சினைப்பைக்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது, அட்ரினலுக்கு வெறும் மூப்புதான் இருக்கிறது என்பது அதற்குள் அடங்கிய கருத்து. பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் அப்படியே படித்துத் தேறினார்கள்.

அந்தக் கோட்டை வரைந்த முறையிலேயே ஒரு குறை இருந்தது. வெவ்வேறு வயதுப் பெண்களிடம் ஒருமுறை ரத்தம் எடுத்து, வயதை வைத்துச் சராசரி போட்டிருந்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்திக்கு மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், இன்னொருத்திக்குத் தாறுமாறாகியிருக்கும், மூன்றாமவளுக்கு நின்றே போயிருக்கும். மூவரையும் ஒரே புள்ளியில் கலந்தால், அவரவர் வெவ்வேறு ஆண்டுகளில் சந்திக்கும் மாற்றம் கண்ணில் படாமல் கரைந்துவிடும்.

அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ‘ஸ்வான்’ ஆய்வு இந்தக் கலப்பைப் பிரித்தது. ஏழு இடங்களில் 42 முதல் 52 வயதுக்குட்பட்ட 3,302 பெண்கள் சேர்க்கப்பட்டனர். வெள்ளையர், ஆப்பிரிக்க வம்சாவளியினர், ஹிஸ்பானியர், சீன, ஜப்பானிய வம்சாவளியினர் என ஐந்து இனக்குழுக்கள். அதே பெண்களை ஆண்டுதோறும் அழைத்து ரத்தம் எடுத்தார்கள், மாதவிடாய் விவரம் கேட்டார்கள். பல ஆண்டுகள் சேர்ந்தபின், டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பில் லேஸ்லி, மாசசூசெட்ஸின் சிபில் கிராஃபோர்ட் முதலியோர் டி.எச்.இ.ஏ.எஸ். அளவுகளைப் பிறந்தநாள் கணக்கில் அடுக்காமல், மாதவிடாய் நிலையின் கணக்கில் அடுக்கினார்கள். இறங்கிக்கொண்டே வந்த கோடு ஓரிடத்தில் நின்று, மேலே ஏறியது.

ஏறிய இடம், மாதவிடாய் நிற்பதை நோக்கி உடல் நகரும் மாறுகாலத்தின் பிற்பகுதி. மாதவிடாய்க்கும் மாதவிடாய்க்கும் இடையில் 60 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழத் தொடங்கும் கட்டம் அது. கடைசி மாதவிடாய் முடிந்து முதல் சில ஆண்டுகள் வரை ஏற்றம் நீடித்தது. பிறகு கோடு தன் பழைய சரிவுக்குத் திரும்பியது. ஏறத்தாழ 85 விழுக்காட்டுப் பெண்களிடம் இந்த ஏற்றம் தெரிந்தது. சராசரியில் பார்த்தால் பெரிய ஏற்றம் கிடையாது. ஆளுக்கு ஆள் வேறுபாடோ மிகப் பெரியது.

சினைப்பையே சாகுந்தறுவாயில் இதைச் செய்கிறதோ என்று சந்தேகப்படுவது நியாயம். அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் இழந்த பெண்களையும் ஆராய்ந்தார்கள். அவர்களிடமும் ஏற்றம் இருந்தது. ஆக, ஊற்று அட்ரினலில்தான்.

ஏன் இவ்வளவு காலம் இது யாருக்கும் தெரியவில்லை என்பதற்குச் சராசரிக் கணக்கு ஒரு காரணம், எலி இன்னொரு காரணம். மருத்துவ அறிவில் பெரும்பகுதி எலிகளிடம் கற்றது. எலி, சுண்டெலி இரண்டின் அட்ரினலிலும் டி.எச்.இ.ஏ. செய்யத் தேவையான சி.ஒய்.பி.17 என்ற நொதி கிட்டத்தட்ட இல்லை. நமக்குக் கார்டிசால் செய்யும் வேலையை அவற்றில் கார்டிகோஸ்டிரோன் செய்கிறது. ஆகவே எலியை வைத்துப் பெண்ணின் அட்ரினலைப் புரிந்துகொள்ள முயல்வது வீண். குரங்கினங்களில்தான் இந்த உள்ளடுக்கு சொல்லும்படி இருக்கிறது.

மான்ட்ரியால் பெண்மணியின் கதை இங்கே கைகொடுக்கிறது. அமெரிக்காவின் லூயிவில்லில் சி.வி. ராவ் குழுவினர் 1996இல் மனித அட்ரினலில் எல்.எச். ஏற்பி இருப்பதைக் கண்டார்கள். அதுவும் டி.எச்.இ.ஏ. செய்யும் உள்ளடுக்கில். பின்னர் டேவிஸ் குழுவினர் மக்காக் குரங்குகளின் அட்ரினல் புறணியிலும் அதைக் கண்டனர். இவற்றைக் கோத்துப் பார்த்தால் ஒரு விளக்கம் கிடைக்கிறது. சினைப்பை தளரத் தளர எல்.எச். ஏறுகிறது, அந்த எல்.எச். அட்ரினலின் உள்ளடுக்கையும் உசுப்புகிறது, டி.எச்.இ.ஏ.எஸ். கூடுகிறது.

விளக்கம் அழகாக இருக்கிறது, அதனாலேயே கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பின்னும் எல்.எச். உயர்ந்தே இருக்கிறது. அப்படியானால் டி.எச்.இ.ஏ.எஸ். மட்டும் ஏன் மறுபடி சரியவேண்டும்? வயதாக ஆக உள்ளடுக்கே மெலிந்துகொண்டு போகிறது, தட்டுவதற்கு ஆள் இருந்தாலும் திறப்பதற்கு ஆள் குறைகிறது என்று பதில் சொல்லலாம். எனக்கு அது ஏற்புடையதாகத்தான் படுகிறது. இருந்தாலும் கட்டுமானத்தில் இது இன்னும் பூசாத சுவர்.

சரி, கூடுதலாக வந்த டி.எச்.இ.ஏ.எஸ். எங்கே போகிறது? சினைப்பை வேலை செய்த நாட்களில் ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் தயார் நிலையில் ரத்தத்தில் வந்து எல்லா உறுப்புகளுக்கும் போய்ச் சேரும். அது நின்றபின் உடல் வேறு வகையில் ஓடுகிறது. அட்ரினல் அனுப்பும் மூலப்பொருளைத் தோல், எலும்பு, கொழுப்பு, மார்பகம், யோனிச் சவ்வு ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய அளவில் ஆண் ஹார்மோனாகவோ பெண் ஹார்மோனாகவோ மாற்றிக்கொள்கிறது. உணவகத்திலிருந்து சாப்பாடு வந்துகொண்டிருந்த தெருவில், ரேஷன் அரிசி வாங்கி வீட்டுக்கு வீடு உலை வைப்பது போல. கியூபெக்கின் லவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்னான்ட் லாப்ரி இந்தக் கருத்தை 1988 முதல் விடாமல் வலியுறுத்திவந்தார். எந்தத் திசுவில் எந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்பதே அங்கே என்ன ஹார்மோன் உருவாகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதற்கு முந்தைய ஒரு வரலாறும் உண்டு, கொஞ்சம் கொடூரமானது. சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ் 1950களின் தொடக்கத்தில், முற்றிய மார்பகப் புற்று உள்ள பெண்களின் இரண்டு அட்ரினல்களையும் வெட்டி எடுத்தார். மாற்றாகக் கொடுக்கக் கார்டிசோன் அப்போதுதான் கைக்குக் கிடைத்திருந்தது. இல்லாவிட்டால் இந்த அறுவையை நினைத்தே பார்க்க முடியாது. சிலருக்குக் கட்டிகள் சுருங்கின. சினைப்பை இல்லாத பெண்ணிடமும் புற்றுக்குத் தீனி போடும் ஏதோ ஒன்று அட்ரினலிலிருந்து வருகிறது என்பது அதனால் தெரிந்தது. 1970களில் டாலஸின் பென்ட்டி சீட்டரியும் பால் மெக்டொனால்டும் அந்த ஏதோ ஒன்றைத் தடம் பிடித்தனர். அட்ரினல் தரும் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் என்ற பொருளைக் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் நொதி எஸ்ட்ரோனாக மாற்றுகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணின் பிரதான ஈஸ்ட்ரோஜன் அதுதான். உடலில் கொழுப்பு கூடினால் மாற்றமும் கூடும்; பருமனான பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் மார்பகப் புற்று, கருப்பை உட்சுவர்ப் புற்று ஆகியவற்றின் அபாயம் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைப் புரிந்துகொண்டதும் அட்ரினலை வெட்டும் அவசியம் போயிற்று. நொதியைத் தடுத்தால் போதும். 1990களில் சந்தைக்கு வந்த அனஸ்ட்ரோசோலும் லெட்ரோசோலும் செய்வது இதைத்தான். நம் ஊரில் மார்பகப் புற்று சிகிச்சைக்குப் பின் தினம் ஒரு மாத்திரை என்று ஐந்து வருடம் விழுங்கும் ஐம்பது கடந்த பெண்கள், பெயர் தெரியாமலே தங்கள் அட்ரினலின் கொடையை வழியிலேயே மறித்துக்கொண்டிருக்கிறார்கள். சினைப்பை இயங்கும் இளம் பெண்ணுக்கு இதே மாத்திரையைத் தனியாகக் கொடுத்துப் பயனில்லை. அங்கே ஊற்று வேறு.

லேஸ்லியின் குழு கவனித்த இன்னொரு பொருள் ஆண்ட்ரோஸ்டீன்டையால். டி.எச்.இ.ஏ.விலிருந்து ஒரே படியில் கிடைப்பது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியிலும் ஒட்டும், ஆண் ஹார்மோன் ஏற்பியிலும் ஒட்டும். இரண்டிலும் வலு குறைவு, ஆனால் ரத்தத்தில் ஈஸ்ட்ரடையாலைவிடப் பல மடங்கு அதிகம். மாறுகாலத்தில் சில பெண்களிடம் இது ஏறும் அளவு டி.எச்.இ.ஏ.எஸ். ஏற்றத்தைவிட மிகப் பெரிது. ரத்தத்தில் ஈஸ்ட்ரடையாலை வேதியியல் முறையில் அளந்துவிட்டு, அதே ரத்தம் உயிருள்ள செல்லில் எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறது என்றும் சோதித்தார்கள். ஈஸ்ட்ரடையால் மிகக் குறைந்திருந்த பெண்களிடம் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. அளவை மீறி வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த மிச்சத்தோடு பொருந்தி வந்தது ஆண்ட்ரோஸ்டீன்டையால். ஒரே வயதில், ஒரே ஈஸ்ட்ரடையால் அளவோடு இருக்கும் இருவரில் ஒருத்தி உடல் கொதித்து இரவெல்லாம் புரள்வதும் மற்றவள் அலட்டிக்கொள்ளாமல் இருப்பதும் ஏன் என்ற கேள்விக்கு, அட்ரினலையும் சேர்த்து விடை தேடவேண்டும் என்பது அவர்கள் கட்சி.

ஆண் ஹார்மோன் பக்கமும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மாதவிடாய் நின்றதும் பெண்ணின் டெஸ்டோஸ்டிரோன் சடாரென விழுவதில்லை. இருபதுகளிலிருந்தே மெல்லக் குறைந்து வருகிறது, ஐம்பதை ஒட்டித் திடீர்ப் பள்ளம் ஏதும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சரிவதால் தராசு சாய்கிறது. மோவாயில் ஓரிரு தடித்த முடி முளைப்பதற்குப் பெண்கள் வெட்கப்படுகிறார்கள், அது இந்தச் சாய்வின் விளைவு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆக்கஸ், அடினா டுர்கு ஆகியோர் அண்மைக் காலத்தில் கவனப்படுத்திய 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் மூலமும் அட்ரினல்தான். மீன்களில் ஆணை ஆணாக்கும் ஹார்மோன் என்று விலங்கியலார் வெகுகாலமாக அறிந்திருந்தது அது. பெண்களிடம் டி.எச்.இ.ஏ.எஸ். வயதோடு சரிகையில் இது மட்டும் மாதவிடாய் நின்றபின்னும் ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. அட்ரினலின் எல்லா ஆண் ஹார்மோன்களும் ஒன்றாக மூப்படைவதில்லை.

கார்டிசாலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சியாட்டிலில் நான்சி வுட்ஸ் தலைமையில் 1990இல் தொடங்கிய ஆய்வில், மாறுகாலத்தின் பிற்பகுதியில் இரவுச் சிறுநீரில் கார்டிசால் உயர்ந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு உடல் கொதிப்பு கடுமையாக இருந்தது. எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது, இரவெல்லாம் விழித்தாலே கார்டிசால் ஏறும். இதில் ஒரு நடைமுறை எச்சரிக்கை உண்டு. ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக உட்கொள்பவர்களின் கல்லீரல், கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூடுதலாகச் செய்கிறது. சாதாரண ரத்தப் பரிசோதனையில் கார்டிசால் எக்கச்சக்கமாகக் காட்டும், உண்மையில் செயல்படும் கார்டிசால் கூடியிருக்காது. தோலில் ஒட்டும் பட்டையில் இந்தக் குழப்பம் பெரிதாக இல்லை.

இவ்வளவும் தெரிந்தபின் ‘அட்ரினல் களைப்பு’ என்று சொல்லி விற்கப்படும் பொடிகளையும் குளிகைகளையும் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் சோர்வுக்கு, சுரப்பி உழைத்து ஓய்ந்துவிட்டது என்று காரணம் சொல்கிறார்கள். அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கங்கள் ஏற்கவில்லை. அதற்கான ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த 2016ஆம் ஆண்டு மீளாய்வும் சான்று இல்லை என்றே முடித்தது. அந்த வயதை ஒட்டி வரும் மாறுகாலத்தில் அட்ரினலின் உள்ளடுக்கு பெரும்பாலான பெண்களிடம் தன் சுரப்பைக் கூட்டிக்கொண்டிருக்கிறது என்று ஸ்வான் சொல்கிறது. களைத்த சுரப்பி செய்கிற காரியமா அது?

டி.எச்.இ.ஏ.வையே மாத்திரையாக விழுங்கினால் என்ன? சத்துப்பொருள்கள் பற்றிய 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் அமெரிக்கக் கடைகளில் அது சத்துப்பொருளாகவே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அட்ரினல் செயலிழந்த பெண்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் கொடுத்து வீப்கே ஆர்ல்ட் 1999இல் செய்த ஆய்வில் மனநிலையும் பாலுறவு விருப்பமும் மேம்பட்டன. அவர்களிடம் சுரப்பு அறவே இல்லை, கொடுத்தது தெரிந்தது. போலியு 60 முதல் 79 வயது வரையான 280 பேருக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்தார். முக்கியமாக எழுபது கடந்த பெண்களிடம் எலும்பிலும் தோலிலும் சிறு நன்மைகள் தென்பட்டன. மேயோ கிளினிக்கில் முதியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தசை வலிமையிலோ வாழ்க்கைத் தரத்திலோ பொருட்படுத்தத்தக்க பலன் கிட்டவில்லை. வயதைத் திருப்பும் மாத்திரை என்ற பேச்சு அத்தோடு அடங்கியிருக்கவேண்டும். ஆனால் விற்பனை ஆய்விதழ்களைப் படித்துவிட்டு நடப்பதில்லை.

லாப்ரியின் வழி வேறாக இருந்தது. உடல் முழுவதும் ஏற்றாமல், தேவைப்படும் திசுவின் மேலேயே மூலப்பொருளை வைப்பது. மாதவிடாய் நின்றபின் யோனிச் சவ்வு மெலிந்து உலர்ந்து உறவு வலி மிகுந்ததாகும் பெண்களுக்கு, 6.5 மில்லிகிராம் டி.எச்.இ.ஏ. அடங்கிய, இரவில் உள்ளே வைக்கும் மருந்தை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016 நவம்பரில் அனுமதித்தது. மருந்துப் பெயர் பிராஸ்டிரோன். சவ்வின் செல்கள் அதை வாங்கித் தமக்குத் தேவையான ஹார்மோனைத் தாமே செய்து, அங்கேயே பயன்படுத்தி, அங்கேயே சிதைத்தும் விடுகின்றன. சவ்வு தடிக்கிறது, வலி குறைகிறது. அந்தப் பெண்களின் ரத்தத்தில் ஈஸ்ட்ரடையாலை அளந்தால், மாதவிடாய் நின்ற எந்தப் பெண்ணுக்கும் உரிய வரம்புக்குள்ளேயே அது நிற்கிறது.